பின்னால் உட்காருபவர் வந்தால்தான் டயர்

கடைக்கு வருகிறவர்களைத் திட்டி அனுப்புவதற்கென்றே மாதா மாதம் வாடகை கொடுத்து ஒரு கடையை நடத்துகிற ஆள் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கே அவர் முடியாதக்கா. ஒரத்தநாடு சாலையில், வீடுகள் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில், தகரக் கொட்டகை போட்ட இருசக்கர வண்டி டயர் கடை. நீங்கள் என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது 'முடியாது'. மற்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

என் கோபத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான் இருபத்தைந்து வருஷமாக அரசாங்க ஆபீஸில் வேலை பார்ப்பவன். 'முடியாது' என்று சொல்வது எங்களுடைய உரிமை. அதற்காகப் படித்து, பரீட்சை எழுதி, முதுகெலும்பு தேயத் தேய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள்கூட அதை முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை வாங்க என்போம், பெரியவர் லீவு என்போம், ஒரு ஜெராக்ஸ் குறைகிறது என்போம். அந்தக் குறைந்தபட்ச நாகரிகம்கூட இல்லாமல் ஒரு டயர் கடை அம்மாள் எடுத்த எடுப்பில் முடியாது என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பட்டியல் பெரிது. பின் டயரை விட்டுவிட்டு முன் டயரை மட்டும் மாற்றச் சொன்ன ஒரு டாக்டரிடம், உங்க ஆஸ்பத்திரியில ஒரு நுரையீரலுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பீங்களா என்று கேட்டிருக்கிறார். வண்டி பார்க்க எடுப்பாக இருக்கவேண்டும் என்று ரிம்முக்குப் பொருந்தாத தடி டயர் கேட்ட ஒரு கல்யாண மாப்பிள்ளையை, அதை வாங்கி மண்டப வாசலில் தோரணமாகக் கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரே டயருக்கு நாலாவது தடவையாக ஒட்டுப்போடச் சொன்ன ஒரு வக்கீல், சட்டப் பிரிவு எதையோ எடுத்துவிட, அக்கா பதில் சொல்லாமல் ரம்பத்தை எடுத்து வந்து அந்த டயரைக் குறுக்கே அறுத்துப் போட்டுவிட்டார். அது அவர் வழக்கம். தேய்ந்த டயர் அவர் கடையை விட்டு முழுசாக வெளியே போகாது. இன்னொருத்தன் எடுத்து மாட்டிவிடுவானாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் அங்கே போனார்கள் என்றால், வேறு வழி இல்லை. பெரிய பைக்குகளுக்கான டயரை எங்கள் ஊரில் வாங்கி வைத்திருந்தது அவர் ஒருத்தர்தான். மற்ற கடைகளில் பணம் கட்டிவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அதோடு, டயரின் பக்கவாட்டில் நாலு எண் அச்சடித்திருக்கும். முதல் இரண்டு எண் அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட டயரை அக்கா கடையில் ஏற்றவே மாட்டார். டயர் கொண்டுவரும் வேன்காரர்களையும் இதே 'முடியாது' போட்டுத் திருப்பி அனுப்புவார். கடையில் அவரைத் தவிர அவர் வீட்டுக்காரர் மட்டும்தான். டயர் கழற்றுவது, மாட்டுவது, காற்று அடிப்பது எல்லாம் அவர். அந்த மனிதர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. அக்கா "என்னங்க" என்றால் வருவார், வேலையைச் செய்வார், போவார்.

இனி என் கதை. ஐம்பத்து நாலாவது வயதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக் ஒன்றை, முந்தைய சொந்தக்காரர் நன்றாக ஓட்டித் தேய்த்திருந்ததை, வாங்கினேன். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் உயரமான கண்ணாடி, மாடு பார்த்தால் மிரளும் விளக்கு. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் யாருடைய வண்டி என்று கேட்டார்களே தவிர, என்னுடையதாக இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

என் மனைவி வசந்தா அதைப் பார்த்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு திடீரென்று, இதில் தலைக்காவிரி வரை போக முடியுமா என்று கேட்டாள். அவள் கீழ்வேளூர் பக்கத்துக் கடைமடை கிராமத்துக்காரி. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை வரவில்லை என்று வீட்டில் எல்லாரும் புலம்புவதைக் கேட்டே வளர்ந்தவள். அந்தத் தண்ணீர் எந்த இடத்தில் இருந்துதான் கிளம்புகிறது, அதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவளாகக் கேட்ட முதல் பயணம். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். டயர் இரண்டும் புதுசாக இருந்தால்தான் ஏறுவேன் என்றாள். மாற்றியாச்சா என்று கேட்டாள்.

மாற்றியாச்சு என்று சொன்னேன். வாயில் தோசை இருந்தது. அடுத்த வாரம் எப்படியும் மாற்றத்தான் போகிறேன், ஒரு வாரத்து உண்மையை முன்கூட்டியே சொல்வதில் என்ன தப்பு என்று அப்போது தோன்றியது. தப்பை அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பாட்டில் டயர் பாலிஷ் வாங்கி வந்து, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு டயரையும் கருகருவென்று தேய்த்து வைத்தேன். திரும்பி வந்தவள் குனிந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள். மறுநாளே இரண்டு மழைக்கோட்டு வாங்கி வந்தாள். ஏப்ரல் மாதம் லீவு போட்டேன், மடிக்கேரியில் அறை சொல்லி வைத்தேன். கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்றைக்குத்தான் முடியாதக்கா கடைக்கு முதன்முதலாகப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. மூன்று மாதம் வீடியோ பார்த்திருந்தேன். பனிமலையில் ஏறுகிறவர்கள், பாலைவனத்தில் போகிறவர்கள் எல்லாரும் ஏகமனதாகச் சொன்னது, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த முரட்டு டயரை. எந்த மாடல், எந்த அளவு, எவ்வளவு காற்று எல்லாம் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"முடியாது," என்றார்.

எழுந்து வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். முழங்காலில் கையை ஊன்றிப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் டயரை ஒரு இழு இழுத்து, கறுத்துப்போன விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாலிஷ் போட்டிருக்கீங்க. யாரை ஏமாத்த?"

வெயிலில் ரப்பர் வெடிக்காமல் இருக்க என்று ஏதோ உளறினேன். ரோட்டில் படுகிற பக்கத்திலேயே பாலிஷைத் தடவியிருக்கிறேன், எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடுவதும் இதுவும் ஒன்று என்று ஆரம்பித்தவர் ஐந்து நிமிஷம் நிறுத்தவில்லை. அப்புறம் ஒரு குடைக்கம்பியை எடுத்து, டயரின் பள்ளங்களில் குத்திக் குத்தி, ஒவ்வொன்றாக நெல்மணிகளை வெளியே எடுத்தார். செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். மொத்தம் ஏழு.

எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் ரோட்டில்தான் எல்லாம் காயும். உளுந்துச் செடியைப் பரப்பி வைத்தால் அதன்மேல் வண்டி ஏற்றலாம், ஏற்ற வேண்டும். ஏறினால்தான் மணி உதிரும், பக்கத்தில் நிற்கிறவர்களே கையைக் காட்டி வரச்சொல்வார்கள். நெல்லைக் காயப் போட்டிருந்தால் ஏற்றக் கூடாது. சுற்றிக் கல் வைத்திருப்பார்கள், ஒதுங்கிப் போகவேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஏழு மணிக்கும் யாருடைய நெல், எந்த ரோடு, ஏன் ஏற்றினேன் என்று எனக்கு விசாரணை நடந்தது. ரோட்டில் பாதியை அடைத்துக் காயப் போட்டால் நான் ஆகாயத்திலா போவது என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அவர்கள் வேறு எங்கே காயப் போடுவார்கள் என்று அவர் அதற்கு மேலே கத்தினார். முன் டயரைவிடப் பின் டயர் இவ்வளவு அதிகமாகத் தேய்ந்திருப்பதால், முன் பிரேக் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது என்றும் கண்டுபிடித்துச் சொன்னார். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். என் மானம் அந்தச் செய்தித்தாளில் ஏழு நெல்லோடு சேர்ந்து கிடந்தது.

கடைசியாக, எங்கே போகிறேன், பின்னால் யார் உட்காருவார்கள், எவ்வளவு எடை என்று கேட்டார். தலைக்காவிரி, என் வீட்டம்மா, ஐம்பத்தெட்டு கிலோ இருப்பாள் என்றேன்.

"அவங்கள கூட்டிட்டு வாங்க. அவங்க பாத்துச் சொன்னாத்தான் டயர்."

ஓட்டுகிறவன் நான், காசு கொடுக்கிறவன் நான், அவள் எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க ரோட்டைப் பாத்துட்டுப் போவீங்க. அவங்க உங்க முதுகத்தான் பாத்துட்டு வரணும். கீழ என்னா மாட்டியிருக்குன்னு ஒரு தடவையாச்சும் பாக்கட்டும்."

இதுதான் அவருடைய சட்டம். தூரம் போகிற வண்டி என்றால் பின்னால் உட்காருகிறவர் கடைக்கு வரவேண்டும், டயரைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும், சரி என்று சொல்லவேண்டும். எந்த ஊரிலும் இல்லாத சட்டம். எவன் போட்டான், எந்தக் கெஜட்டில் வந்தது? வசந்தாவை அழைத்து வந்தால், போன வாரமே மாற்றியாச்சு என்று நான் சொன்ன டயர் அவள் கண் முன்னால் ஏழு நெல்லோடு நிற்கும். தலைக்காவிரி அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு நான் மழை பெய்கிறது என்று சொன்னால்கூட அவள் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அந்தக் கடையை எரித்துவிடலாமா என்றிருந்தது.

ஊரில் மிச்சமிருந்த எல்லாக் கடைக்கும் போனேன். எல்லா இடத்திலும் பத்து நாள் என்றார்கள். முதல் கடையிலேயே பணம் கட்டிவிட்டு வந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். மாட்டேன், இன்றைக்கே வேண்டும் என்று ஒவ்வொரு கடையிலும் சண்டை போட்டதில் மூன்று நாள் போய்விட்டது. ஒரு நாள் லீவு போட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். ஒரு பெரிய கடையில், ஏசி அறையில் உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, சார் சார் என்று கூப்பிட்டு, நான் கேட்ட அதே பட்டன் டயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். இதல்லவோ வியாபாரம் என்று பூரித்துப்போய்ப் பர்ஸை எடுத்தவன், சும்மா இருக்காமல் பக்கவாட்டில் அந்த நாலு எண்ணைப் பார்த்துத் தொலைத்தேன். டயருக்கு ஆறு வயது. எல்.கே.ஜி. தாண்டிய டயர். முந்தின வாரம் அக்கா திட்டும்போது சொல்கிறவரை அந்த எண் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். அந்த அம்மாள் என் நிம்மதியை இப்படியும் கெடுத்தார்.

கிளம்ப நாலு நாள் இருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பின்னால் உட்காருகிற ஆள்தானே வேண்டும்? யாராக இருந்தால் என்ன? கீழ்வேளூரிலிருந்து ஏதோ வேலையாக வந்திருந்த வசந்தாவின் தம்பி ராஜாவை, கறி தோசை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். திட்டம் மாறிவிட்டது, வீட்டம்மா வரவில்லை, மைத்துனர்தான் வருகிறார் என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா ராஜாவை மேலும் கீழும் பார்த்தார். தொண்ணூறு கிலோ. பின்னால் ஏறி உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அப்படியே கீழே இறங்கி, சக்கரம் மட்கார்டை முத்தமிடப் போனது. அக்கா ராஜாவிடம் ரொம்ப மரியாதையாக, எங்கே போறீங்க என்று மட்டும் கேட்டார். அவனுக்கு நான் அதைச் சொல்லி வைக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தனக்குத் தெரிந்த ஊராக ஒன்றைச் சொல்லிவிடுவோம் என்று, வேளாங்கண்ணிக்கு என்றான்.

"முடியாது," என்றார் அக்கா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, கறி தோசை வாங்கித் தர்றேன்னாரு," என்று ராஜா வண்டியிலிருந்து இறங்கி அக்காவின் பக்கம் போய் நின்றுகொண்டான். இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்ததற்கு எனக்குக் கிடைத்த சீர் இதுதான். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு ஓரமாக ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் சிரித்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் கடையின் நடுவில் நின்று, இந்த ஜில்லாவில் இனி எவன் இந்தக் கடைப் படியேறுகிறான் பார்க்கிறேன் என்று சவால் விட்டேன். கறி தோசையும் வாங்கித் தரவில்லை. அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். பசியோடு வீட்டுக்குப் போன ராஜா வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

நான் ஆபீஸ் விட்டு வந்தபோது வசந்தா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு விஷயத்தை வேறு பக்கம் இழுத்திருப்பேன்.

"வண்டிய எடுங்க. நான் ஆட்டோல வர்றேன்."

நான் முன்னால் அந்தப் பிரம்மாண்டமான பைக்கில் போகிறேன், பின்னால் ஒரு ஆட்டோ, அதில் என் மனைவி. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் தெரிந்தது. நான் மெதுவாகப் போனால் ஆட்டோவும் மெதுவாக வந்தது. வழியில் எனக்குத் தெரிந்த ஒருத்தர் கையைக் காட்டி, தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த மாதத்தில் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

கடையில் இறங்கியதும் வசந்தா நேராகப் பின் சக்கரத்துக்குப் போனாள். கையை வைத்து, தேய்ந்து வழுவழுவென்று இருந்த நடுப்பகுதியைத் தடவினாள். விரலில் ஒட்டிய பாலிஷைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அக்கா அவளுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டு, வீட்டுக்காரரிடம் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். அவர் ஸ்பானரை எடுத்து வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார்.

நான் இதுதான் சமயம் என்று அக்காவின் மேல் பாய்ந்தேன். ஒரு டயர் விற்கத் தெரியாமல் ஒரு குடும்பத்தையே நடுரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், பொய் என்று பார்த்தால் ஒரு வாரத்துப் பொய், எல்லாரும் சொல்கிறதுதான், இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கத்தினேன். அக்கா எப்போதும் போலப் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. என்னிடம் பேசவே இல்லை. வசந்தாவிடம் பேசினார்.

"எங்களுக்கு அப்ப மொபெட்டு இருந்துச்சும்மா. தை மாசம். டயரு தேஞ்சிருக்கேன்னு கேட்டேன். நல்லாருக்கு, உக்காருன்னாங்க. உக்காந்தேன். ரோட்டுல நெல்லு காயுது, எதுக்க பஸ்ஸு வருது, ஒதுங்குனதுல நெல்லு மேல ஏறி வழுக்கிருச்சு. வண்டி எங்காலு மேல."

கால் எலும்பு கூடிவிட்டது, ஆனால் சேற்றில் இறங்கினால் நிற்காது என்றார். அதுவரை நடவு வேலைதான் அவர்களுக்குச் சோறு. நடவுக்கு ஆள் சேர்த்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அந்தத் தை மாதத்தோடு அவர் வயலில் இறங்கவில்லை. நடக்க முடிந்த பிறகு ரோட்டோரத்தில் பஞ்சர் கடை போட்டார்கள்.

"அன்னைக்குக் காலைல ஒரு கடைல காத்து அடிச்சோம். அவரு டயரைப் பாத்தாரு. உள்ள நூலு தெரியுது. ஒண்ணும் சொல்லாம காத்தை அடிச்சு அனுப்பிட்டாரு. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இறங்கி நடந்தே போயிருப்பேன்."

சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் ஸ்பானரைத் திருகிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினார். அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான்தான் நல்லாருக்குன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். நட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். ஒரு வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்று. அவராவது உண்மையில் நன்றாக இருக்கிறது என்று நம்பிச் சொல்லியிருப்பார். நான் பாலிஷ் போட்டேன். வெட்கமாக இருந்தது. வசந்தாவின் கால்களைப் பார்த்தேன், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெண்கள் இரண்டு பேரும் காரியத்தில் இறங்கிவிட்டார்கள். அக்கா இரண்டு டயரை எடுத்துவந்து கீழே போட்டார். ஒன்று நான் கேட்ட முரட்டுப் பட்டன். இன்னொன்று வழக்கமான ரோட்டு டயர், நீள நீளமாகப் பள்ளம் வெட்டியது. பட்டன் டயர் சேற்றுக்கும் ஜல்லிக்கும்தான், மலை ரோட்டில் மழை பெய்தால் அதில் தரையைத் தொடுகிற ரப்பர் கம்மி என்றார். ஈர ரோட்டில் டயருக்கு அடியில் சிக்குகிற தண்ணீர் வெளியே ஓடவேண்டும் என்றார். வடிகால் இல்லாத வயல் என்னவாகும் என்று கேட்டார். அழுகிப் போகும் என்று வசந்தா பட்டென்று சொன்னாள். மூன்று மாதம் வீடியோ பார்த்து எனக்குப் புரியாதது அவளுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. கட்டை விரலால் ரப்பரை அமுக்கிப் பார்த்தாள், அக்கா காட்டிய நாலு எண்ணையும் படித்துப் பார்த்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று கணக்குச் சொன்னாள், ரெண்டு சக்கரத்துக்கும் இதையே மாட்டுங்க அக்கா என்றாள். என் தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பழைய டயரை அறுக்க அக்கா ரம்பத்தை எடுத்தார். வசந்தா அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். முதல் இழுப்பை அவள்தான் இழுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள்.

புது டயரில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது போகிறவரை வழுக்கும், நூற்றைம்பது கிலோமீட்டர் சாய்க்காமல் மெதுவாக ஓட்டிவிட்டு அப்புறம்தான் மலை ஏறவேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டார். அதனால் மறுநாள் காலை மயிலாடுதுறை வரை போய்த் திரும்பினோம். வசந்தா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். மாயவரத்தில் காபி குடிக்கும்போது, பொய் சொன்னது தப்புதான், மன்னிச்சுக்க என்று சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை, சொல்லவும் சரியாக வரவில்லை.

"பொய் சொன்னதுக்கு இல்லீங்க. கடைக்குப் போயி பாலிஷ் வாங்கி, உக்காந்து தேச்சீங்களே. அதுக்குத்தான்," என்றாள் வசந்தா.

திரும்பி வரும்போது, பின்னால் உட்கார்ந்தபடி, எவ்வளவு காற்று அடித்திருக்கிறது என்று கேட்டாள். சரியாகச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்ன கேட்டாலும் சரியாகத்தான் சொல்கிறேன். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

தலைக்காவிரி போனோம். மடிக்கேரி தாண்டி மலையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் திரும்பினால் நடு ரோட்டில் ஒரு லாரி பழுதாகி நிற்கிறது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டி எங்கும் நழுவாமல், ஓடுகிற தண்ணீருக்கு நடுவே, லாரிக்கு ஒரு ஆள் தூரத்தில் நின்றது. நான் பிரேக்கைப் பிடித்தபடியே இருந்தேன். வசந்தா என் தோளை இரண்டு தடவை தட்டினாள், போங்க என்றாள். மேலே காவிரி பிறக்கிற அந்தச் சின்னக் குளத்தைக் குனிந்து பார்த்தாள். இவ்ளோதானா, இதுக்கா எங்கப்பா வாய்க்கால்ல எங்க முறைக்கு வர்ற தண்ணிக்கு மம்பட்டியத் தூக்கிட்டு அந்தச் சண்டை போட்டாரு என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் நன்றி சொல்லலாம் என்று அக்கா கடைக்குப் போனேன். லாரி கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வேலை இல்லாமல் கடையில் ஆள் நிற்கக் கூடாதாம், டயர் தேய்ந்தால் வரலாமாம். வசந்தா போனால் மட்டும் ஸ்டூல் போடுவார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நான் ரோட்டில் வெயிலில் நிற்பேன். அக்காவின் வீட்டுக்காரர் எப்போதாவது ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போவார். ஒரு அரசாங்க ஊழியனை இப்படி நடத்தலாமா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஆனாலும் எனக்கு அந்த அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. முகத்துக்கு நேராக, சத்தமாக, நாலு வார்த்தை திட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது. டயரோ இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அவ்வளவு நாள் ஆகுமே என்றுதான், இப்போதெல்லாம் கத்தரிக்காய் வாங்கக்கூட அந்தப் பைக்கிலேயே கும்பகோணம் வரை போய்விட்டு வருகிறேன்.